மசினகுடிக்கு டென்ட் வேண்டாம், கைடு குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல ஒரு கட்டுரை வந்துச்சே, மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கமெல்லாம் ஆப்பிரிக்கா ஸ்டைல்ல டென்ட் கேம்ப் கொண்டுவந்தா நீலகிரி டூரிசம் எங்கயோ போயிரும்னு, அதப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். நான் கூடலூர் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. பொண்ணு ஜோகன்னஸ்பர்க்ல ஐடி வேலைல இருக்கா, அவ புண்ணியத்துல நமீபியாலயும் போட்ஸ்வானாலயும் ஒரு கேம்பிங் சஃபாரி போயிட்டு வந்தேன். லாட்ஜ் கீட்ஜ் எதுவும் கெடையாது, பெரிய ட்ரக் ஒண்ணு, அதுல பல நாட்டு ஆளுங்க, கூட ஒரு கைடு, ஒரு டிரைவர், ஒரு சமையல்காரர், பாலைவனம் காடு ஆத்துத் தீவுன்னு போற எடத்துல எல்லாம் நம்ம டென்ட்ட நாமளே அடிக்கணும், காலைல நாமளே பிரிச்சு மடிக்கணும், அந்த மாதிரி டூர்.

கட்டுரை எழுதினவர் அவ்ளோ ஆசையா எழுதுன டென்ட்ட நான் என் கையால அடிச்சிருக்கேங்க. அந்த உரிமைலதான் சொல்றேன், அங்க பாத்து நாம பொறாமைப்பட வேண்டியது டென்ட்டப் பாத்து இல்ல, அந்த கைடப் பாத்து.

முதல்ல எடத்தோட அளவச் சொல்லிடறேன், ஏன்னா கட்டுரைல அந்தப் பேச்சே இல்ல. நமீபியா 8,24,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, ஜனத்தொகை மொத்தமே சுமார் 30 லட்சம். அங்க எட்டோஷான்னு ஒரு தேசியப் பூங்கா, 1907ல ஒதுக்குனது, அது மட்டும் 22,270 சதுர கிலோமீட்டர். அதுக்கு நடுவுல புல்லு கூட மொளைக்காத உப்புத்தரை ஒண்ணு கிடக்கு, அந்த உப்புத்தரையே சுமார் 4,800 சதுர கிலோமீட்டர், நம்ம நீலகிரி மாவட்டம் மொத்தத்தையும் எடுத்தா கூட சுமார் 2,500தான். முதுமலை புலிகள் காப்பகம் வெளிவட்டத்தையும் சேத்து 688. இதுல மசினகுடி இருக்கற சீகூர் பள்ளத்தாக்குல யானை போற வழி சில எடத்துல எவ்ளோ ஒடுக்கமா இருக்குன்னு மசினகுடிக்காரங்க கிட்ட கேளுங்க. அந்த வழித்தடத்துக்காகத்தான் 2010ல அரசாணை போட்டாங்க, 2011ல ஹைகோர்ட் சரின்னுச்சு, 2018ல ரிசார்ட்டுகளுக்கு சீல் வெச்சாங்க, 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே அரசாணை செல்லும்னு தீர்ப்பு குடுத்துச்சு. இவ்ளோ நடந்ததுக்கு அப்புறம் அதே எடத்துல கான்கிரீட்டுக்குப் பதிலா கேன்வாஸ்ல ரூம் போடலாம்னா என்னங்க அர்த்தம், யானைக்கு ரெண்டும் குறுக்க நிக்கற சுவருதானே.

இன்னொன்னு, 2021 ஜனவரிய நாம மறக்கக் கூடாது. நமக்கு பக்கத்துலயே, வயநாடு மேப்பாடில, ரிசார்ட் டென்ட்ல தங்க வந்த ஒரு சின்ன வயசுப் பொண்ண யானை அடிச்சுக் கொன்னுருச்சு. அதே மாசம்தான் மசினகுடில ஒரு விடுதிப் பக்கம் வந்த கொம்பன் மேல எரியற டயரத் தூக்கி வீசி, காதெல்லாம் வெந்து அது செத்துச்சு, அந்த வீடியோவ ஊரே பாத்து அழுதோம். ஒரே மாசத்துல ஆளும் போச்சு, யானையும் போச்சு. ரெண்டு எடத்துலயும் யானைன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆள், இப்ப இத செய்யணும் இத செய்யக்கூடாதுன்னு சொல்ற அதிகாரத்தோட, அந்த நேரத்துல அங்க நின்னிருந்தா கத வேறயா இருந்திருக்கும்னு நான் நெனைக்கறேன்.

சரி, அங்க எப்படின்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், எடிட் பண்ணிக்கோங்க.

நமீபியா தலைநகர் விண்ட்ஹோக்ல ட்ரக் கெளம்பறதுக்கு முன்னாடியே கைடு எங்கள வட்டமா நிக்க வெச்சு பேசினார். மனுஷன் சிரிச்ச மொகம்தான், ஆனா ரூல் சொல்றப்ப சிரிக்கல. ட்ரக்க விட்டு நான் சொல்லாம யாரும் எறங்கக்கூடாது, மிருகத்தப் பாத்து கத்தக்கூடாது, சாப்பாட்டுப் பொருள் டென்ட்டுக்குள்ள இருக்கக்கூடாது, செருப்பு ஷூ டென்ட்டுக்கு வெளிய விடக்கூடாது, நரி தூக்கிட்டுப் போயிரும். சாப்பிட்டத அவங்கவங்களே கழுவணும், கழுவின தட்ட துணி வெச்சு தொடைக்கக்கூடாது, கையில பிடிச்சு காத்துல வீசி வீசித்தான் காயவெக்கணும், ஏன்னா ஒரே துணில எல்லார் தட்டையும் தொடச்சா ஒருத்தர் வயித்துப்போக்கு ட்ரக் முழுக்க பரவிரும். ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் நாங்க அத்தன பேரும் இருட்டுக்குள்ள நின்னு தட்ட வீசிட்டு நிப்போம், அதப் பாத்து என் பொண்ணுக்கு சிரிப்பு அடங்காது. சாப்பாடுன்னா மக்காச்சோள மாவுல பாப்னு ஒண்ணு கிளறுவாங்க, நம்ம களியேதான், அதுக்கு மூணு கால் இரும்புச் சட்டில காய் கறியெல்லாம் போட்டு மணிக்கணக்கா வேகவெச்ச கொழம்பு. நான் கொண்டு போயிருந்த எலுமிச்சங்கா ஊறுகாய அந்த சமையல்காரர் ருசி பாத்துட்டு பாதி பாட்டில காலி பண்ணிட்டார், அது தனிக் கத.

நமீப் பாலைவனத்துல செஸ்ரியம்னு ஒரு எடம், சிவப்பு மணல் மேடுகளுக்கு அங்க இருந்துதான் போகணும். ராத்திரி குளிரு இருக்கே, ஊட்டி தலைகுந்தால ஜனவரி உறைபனி பாத்த எனக்கே பல்லு தந்தியடிச்சுது. விடியறதுக்கு முன்னாடி கேட் தொறப்பாங்க, உள்ள கேம்ப்ல தங்கினவங்களுக்கு கொஞ்சம் சீக்கிரமாவே விடுவாங்க, அதுக்கு முன்ன யார் சொன்னாலும் தொறக்காது. 45வது கிலோமீட்டர்ல ஒரு மணல்மேடு, அதுக்குப் பேரே டூன் 45. இன்னும் உள்ள போனா டெட்விலே, வெள்ளை களிமண் தரைல காஞ்ச மரங்க நிக்குது, செத்து 600, 700 வருஷம் ஆச்சுங்கறாங்க, அழுகறதுக்குக் கூட ஈரம் இல்லாததால அப்படியே கருத்து நிக்குது. எங்க கைடு அந்த மரத்த யாரும் தொடக்கூடாதுன்னார். எங்க கூட வந்த ஒருத்தர் ஃபோட்டோவுக்கு ஒரு கெளைல சாயப் போனார், கைடு சத்தமே போடல, பக்கத்துல போய் நின்னு அவர் மொகத்தப் பாத்தார், அவ்ளோதான், அவர் தானா விலகிட்டார்.

மணல்ல ஒரு கருப்பு வண்டு போச்சு. காலைல கடல் பக்கம் இருந்து மூடுபனி வரும், பெங்குவேலான்னு ஒரு குளிர்ந்த நீரோட்டம் கரையோரமா ஓடறதால வர்ற பனி அது, அந்தப் பனில இந்த ஜாதி வண்டு சிலது தலைய கீழயும் பின்பக்கத்த மேலயும் தூக்கி நிக்கும், முதுகுல படியற தண்ணி வழிஞ்சு வாய்க்கு வரும், அதான் அதுக்கு குடிநீர். இத ஸ்கூல்ல படமா வரைஞ்சு சொல்லிக்குடுத்தவ நான். ஆனா அந்த கைடு ஒரு குச்சிய எடுத்து மணல்ல அந்த வண்டோட தடத்தக் காட்டி, இது ராத்திரி போன தடம், இது இப்ப போன தடம், பாருங்க இதோட ஓரம் இன்னும் சரியலன்னு சொன்னப்ப, நானெல்லாம் என்ன பாடம் எடுத்தேன்னு இருந்துச்சு. ரோட்ட விட்டு வண்டிய எறக்கவே மாட்டார். சரளை சமவெளில ஒரு தடவ டயர் ஏறினா அந்தத் தடம் பல பத்து வருஷம் அழியாதாம், கடலோரமா பாசிக்காளான் படர்ந்த தரையில எப்பவோ போன வண்டித் தடம் இன்னும் கெடக்கு, கண்ணால பாத்தேன்.

எட்டோஷால கேம்பெல்லாம் வேலிக்குள்ளதான். பொழுது சாயறப்ப கேட்ட மூடிருவாங்க, அதுக்குள்ள எல்லா வண்டியும் உள்ள வந்தாகணும், மந்திரியா இருந்தாலும் இதுதான்னு டிரைவர் சொன்னார். ஒக்காகுவேயோங்கற கேம்ப்ல வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணிக்குட்டை, மங்கலா லைட் போட்டு வெச்சிருக்காங்க, இந்தப் பக்கம் குட்டைச் சுவரும் பெஞ்சும். ராத்திரி சாப்பிட்டுட்டு போய் ஒக்காந்தோம். எப்படியும் நூறு பேருக்கு கொறையாது, ஆனா அவ்ளோ பேரு ஒக்காந்திருந்தும் மூச்சு விடற சத்தம்தான். கருப்பு காண்டாமிருகம் ஒண்ணு வந்து தண்ணில அதோட நெழலப் பாத்துட்டு நின்னுச்சு, அப்புறம் யானைக் கூட்டம் வந்ததும் மெதுவா வழி விட்டு விலகுச்சு. எங்க வரிசைல ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்ட பிரிச்சான், அந்த கரகரங்கற சத்தத்துக்கு பெஞ்சு பூரா திரும்பிப் பாத்துச்சு, அவங்கம்மா பாக்கெட்ட வாங்கி பைக்குள்ள வெச்சுட்டாங்க. இங்க தெப்பக்காட்டுல இருந்து கூடலூர் ரோட்டுல ஒரு யானை புல்லு மேஞ்சா என்ன நடக்குதுன்னு நான் எழுதணுமா? பஸ்ஸ ஸ்லோ பண்ணி ஜன்னல்ல அத்தன பேரும் தலைய நீட்டி 'டேய் யான டேய்'னு, கார்ல இருந்து எறங்கி, முறுக்கு தூக்கிப் போட்டு, ஹாரன் அடிச்சு. ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் பந்திப்பூர் ரோட்ட 2009ல இருந்து மூடினதாலதான் அந்த ஒம்பது மணி நேரமாச்சும் அதுங்களுக்கு நிம்மதி.

அங்கயும் எல்லாமே புனிதம்னு நெனச்சுக்காதீங்க, ஹலாலின்னு இன்னொரு கேம்ப்ல தேன்கரடின்னு ஒரு ஐட்டம் குப்பைத்தொட்டிய ராத்திரி பூரா உருட்டித் தள்ளுச்சு, டூரிஸ்ட் குப்பைக்கு பழகிருச்சு அது, நம்ம ஊர் கொரங்கு பழகின மாதிரிதான்.

வேலி இல்லாத கேம்ப்ப பத்திதான் முக்கியமா சொல்லணும், ஏன்னா கட்டுரைக்காரர் கேக்கறது அதத்தான். போட்ஸ்வானால ஒகவாங்கோ டெல்டா. அங்கோலா மலைல நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பெய்யற மழை மெதுவா எறங்கி வந்து, இங்க ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன் ஜூலைல வெள்ளமா பரவுது, கடலுக்குப் போகாம பாலைவனத்துலயே ஆவியாயும் மண்ணுல ஊறியும் முடிஞ்சுருது. யுனெஸ்கோவோட 1000வது உலகப் பாரம்பரிய எடம் அது, 2014ல. மொகோரோன்னு நீளமான ஓடம், முன்னெல்லாம் ஒரே மரத்தக் குடைஞ்சு செய்வாங்க, இப்ப மரம் வெட்டக்கூடாதுன்னு ஃபைபர்ல வருது, பின்னால நின்னுட்டு நீளக் கழியால ஊணித் தள்ளறது அந்தப் பக்கத்து கிராமத்து ஆம்பளைங்களும் பொம்பளைங்களும். எங்க ஓடத்த தள்ளினது ஒரு பொம்பள, என்ன விட பத்து வயசு கொறைவா இருக்கும். தண்ணில பூத்த அல்லிக்கு நடுவுல போறப்ப திடீர்னு கழிய ஊணி நிறுத்திட்டு, காத கூர்மையாக்கி கேட்டுட்டு, வந்த வழியே ஓடத்த திருப்பிட்டாங்க. எனக்கு ஒண்ணுமே கேக்கல. அப்புறமா பாத்தா தூரத்துல நீர்யானை மூச்சு விட்டு மேல வருது. காசு குடுத்து வந்த டூரிஸ்டு கிட்டப் போய் பாக்கணும்னு ஆசப்படுவாங்களே, டிப்ஸ் கொறைஞ்சிருமேன்னு அந்தம்மா ஒரு செகண்ட் கூட யோசிக்கல.

தீவுல எறங்கி டென்ட் அடிச்சோம். கக்கூஸ்னா புதருக்குப் பின்னால தோண்டின குழி, பக்கத்துல ஒரு மண்வெட்டி, மண்வெட்டி அது எடத்துல இல்லன்னா உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். பொழுது போனா தீய விட்டு யாரும் தனியா நகரக்கூடாது. ராத்திரி ஒதுங்கணும்னா முதல்ல டென்ட் ஜிப்ப கொஞ்சமா தொறந்து டார்ச்ச சுத்தி அடிச்சுப் பாக்கணும், கண்ணு எதாச்சும் மின்னுச்சுன்னா திரும்ப மூடிட்டு அடக்கிக்கோங்கன்னார் கைடு, என் வயசுக்கு அது லேசுப்பட்ட காரியமா. நடுராத்திரி டென்ட்டுக்கு பக்கத்துல எதோ புல்ல பறிச்சுத் தின்னற சத்தம், வேரோட பிடுங்கி ஒதறி ஒதறி. பொண்ணு என் கைய பிடிச்சுக்கிட்டா. வெளிய எட்டிப் பாக்கணும்னு எனக்கு ஆச, ஆனா ஜிப்ப தொடல. காலைல கைடு எங்கள கூட்டிட்டுப் போய் தடத்தக் காட்டினார். யானை. இது முன்னங்கால், வட்டமா இருக்கு, இது பின்னங்கால், நீளவாட்டுல இருக்கு, இந்தப் பக்கம் மண்ணு இடிச்சிருக்கு பாருங்க அதனால இப்படிப் போயிருக்கு, குதிகால் பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்கு அதனால வயசான யானை. எங்க டென்ட் கயித்துல ஒண்ணு கூட அறுபடல, ஒவ்வொண்ணா சுத்திச் சுத்தி கால வெச்சுப் போயிருக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இதே பாடத்த நான் ஏற்கனவே கேட்டிருக்கேங்க, நம்ம முதுமலைல. எங்க ஸ்கூல் பசங்கள கூட்டிட்டு இயற்கை முகாம் போனப்ப ஒரு காட்டுநாயக்கர் பெரியவர், காட்டுல வாட்சர் வேலை பாத்தவர், முன்னங்கால் தடத்த ஒரு கொடிய வெச்சு சுத்தி அளந்து, அத ரெட்டிச்சா அந்த யானையோட ஒசரம் வந்துரும்னு காட்டினார். பசங்க நம்பல, அப்புறம் தெப்பக்காட்டுல ஒரு கும்கிய அளந்து பாத்தோம், சரியா வந்துச்சு. அவருக்கு கையெழுத்து போடத் தெரியாது. அவர எந்த ரிசார்ட்டும் கைடுன்னு கூப்பிடல, எந்த ஜீப்லயும் முன் சீட்டு குடுக்கல. அங்க போட்ஸ்வானால லைசென்ஸ் இல்லாம ஒருத்தர் கைடு வேலை பாக்க முடியாது, பரீட்சை எழுதி பாஸ் பண்ணி வாங்கணும், தப்பு பண்ணினா லைசென்ஸ் போயிரும். அதனாலதான் எங்க கைடு பேச்சுக்கு அவ்ளோ மரியாத. காசு குடுத்தது நாங்க, ஆனா ட்ரக்ல மொதலாளி அவர்தான்.

இங்க ஜீப் ஓட்டற தம்பிங்கள நான் கொற சொல்லல, பாதிப் பேர் எங்கிட்ட படிச்சவங்க. அவங்களுக்கு ட்ரிப்புக்கு இவ்ளோன்னு கூலி. ட்ரிப் எத்தனையோ காசு அத்தன, அப்ப வேகமாத்தானே ஓட்டணும். புலி தெரிஞ்சா டிப்ஸ், அப்ப ஒருத்தன் பாத்தா பத்து பேருக்கு ஃபோன் போகும், பத்து ஜீப்பும் ஒரே எடத்துல. ராத்திரி சஃபாரின்னு திருட்டுத்தனமா லைட் அடிச்சுட்டு போறதும் நடக்குது, ஊருக்கே தெரியும். அந்த தம்பிக்கு ட்ரிப்புக்குப் பதிலா நாள் சம்பளம்னு வெச்சுப் பாருங்க, ஒரு மான் கூட்டத்துக்கு முன்னால அர மணி நேரம் இஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஒக்காந்திருப்பான்.

காசு யாருக்குப் போகுதுங்கறது அடுத்தது. நமீபியால 1996ல ஒரு சட்டம் போட்டு, கிராமத்துக்காரங்க ஒண்ணு சேந்து தங்க நெலத்துல இருக்கற காட்டு மிருகத்துக்கு பொறுப்பெடுத்துக்கிட்டா டூரிசத்துல வர்ற காச அந்த சங்கமே வெச்சுக்கலாம்னு பண்ணினாங்க, இப்ப 80க்கும் மேல அந்த மாதிரி சங்கம் இருக்கு, நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நெலம் அதுல வருது. போட்ஸ்வானால மொரேமின்னு ஒரு காடு, 1963ல அந்த ஊர் மக்களே முன்வந்து வேட்டைக்கு இல்லன்னு ஒதுக்கினது. நமக்கு 2006 வன உரிமைச் சட்டம் இருக்கு, கிராமசபைக்கு அதுல அதிகாரமும் இருக்கு, ஆனா ஒரு சஃபாரி டிக்கெட்ல எத்தன பைசா பக்கத்து பழங்குடி பாடிக்கு, காலனிக்கு போகுதுன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல.

ஆப்பிரிக்கான்னா ஆஹா ஓஹோன்னு நான் சொல்ல வரல. அதே போட்ஸ்வானாலதான் கலஹாரி காட்டுக்குள்ள காலங்காலமா இருந்த சான்ங்கற பழங்குடி மக்கள 1997லயும் 2002லயும் வெளியேத்தினாங்க, குடிக்கற தண்ணிக் கெணத்தயே மூடினாங்க. அவங்க கோர்ட்டுக்குப் போய் 2006ல ஜெயிச்சாங்க, தண்ணிக்காக திரும்பவும் போராடி 2011லதான் அந்த உரிமை கெடச்சுது. எங்க கைடு இதயும் மறைக்காம சொன்னார். யானை 1,30,000க்கு மேல இருக்கு அங்க, வெள்ளாமைய மொத்தமா அழிக்குது, ஆள் சாவுது. வேட்டைக்கு 2014ல தடை போட்டு 2019ல எடுத்துட்டாங்க. வேட்டையாடின கொம்பு தோலெல்லாம் உள்ள விடாம கட்டுப்பாடு போடப்போறோம்னு ஜெர்மனில பேசினப்ப, 2024ல போட்ஸ்வானாவோட அப்போதைய ஜனாதிபதியே கடுப்பாகி, அப்படின்னா 20,000 யானைய உங்களுக்கே அனுப்பறேன் வெச்சுப் பாருங்கன்னுட்டார். ஓவேலிலயும் சேரம்பாடிலயும் பலாப்பழ சீசன்ல ராத்திரி வீட்டுக்கு வெளிய காலெடுத்து வெக்க பயப்படற நம்ம ஜனங்களுக்கு அந்த கோவம் புரியும், சென்னைல ஒக்காந்து யானை பாவம்னு எழுதறவங்களுக்கு புரியாது. கொல்றது சரின்னு நான் சொல்லல, யானைய பொறுத்துக்கறவங்களுக்கு அதால ஒரு பிரயோஜனமும் இல்லன்னா எத்தன நாளைக்குப் பொறுப்பாங்கன்னுதான் கேக்கறேன்.

நடுவுல ஒண்ணு, நான் இந்தியான்னு தெரிஞ்சதும் நமீபியால பாத்த ஆளெல்லாம் கேட்ட ஒரே கேள்வி, எங்க சிவிங்கிப்புலி எல்லாம் சொகமா இருக்கான்னுதான். 2022 செப்டம்பர்ல மத்தியப் பிரதேசத்து குனோ காட்டுக்கு எட்டு அனுப்பினாங்கல்ல. சிலது செத்துருச்சு, குட்டியும் போட்டிருக்குன்னு சொன்னேன். பொண்ணக் கட்டிக் குடுத்த வீட்டுக்காரங்க கணக்கா விசாரிச்சாங்க.

ஆக நான் கேக்கறது இவ்ளோதான். சீகூர்ல டென்ட் வேண்டவே வேண்டாம், அங்க எட்டோஷா மாதிரி எடமும் இல்ல, ஒகவாங்கோ மாதிரி ஒதுங்க தீவும் இல்ல. இருக்கற ஜீப்புக்கும் வேனுக்கும் லைசென்ஸ் வாங்கின கைடு கட்டாயம்னு கொண்டு வாங்க. அந்த வேலை முதல்ல காட்ட ஒட்டி இருக்கற குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர் வீட்டுப் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும். பரீட்சைய பேப்பர்ல வெக்காதீங்க, காட்டுக்குள்ள நடக்க வெச்சு வாய்மொழியா கேளுங்க, பெரியவங்க பாஸ் பண்ணிருவாங்க, டிகிரி படிச்ச நாமதான் ஃபெயில் ஆவோம். எங்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் வருஷக்கணக்கா தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலரா இருக்கான், காட்ட உள்ளங்கையில வெச்சிருக்கான், தீபாவளிக்கு சம்பளம் வருமா வராதான்னு அவனுக்கே தெரியாது. அவனுக்கு ஒரு பேட்ஜும், டூரிஸ்ட்ட பாத்து 'எறங்காதீங்க'ன்னு சொல்ற அதிகாரமும், ட்ரிப்பு கணக்கு இல்லாத சம்பளமும் குடுங்க. அப்புறம் ஸ்பீக்கர் வெச்ச வண்டிய செக்போஸ்ட்டுலயே நிறுத்துங்க. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வர்ற வெளியூர் வண்டிக்கு ஈ-பாஸ் இருக்கு, எத்தன வண்டி மேல வருதுன்னு இப்ப கணக்கு தெரியுது, நல்லதுதான், ஆனா வந்த வண்டி காட்டுக்குள்ள என்ன பண்ணுதுன்னு பாக்க ஆள் வேணும்ல. ஈ-பாஸ் குடுக்கறப்பவே ஒரு பக்கத்துக்கு ரூல தமிழ், மலையாளம், கன்னடத்துல ஃபோனுக்கு அனுப்பினா என்ன கொறஞ்சு போயிரும், அத படிச்சாச்சுன்னு அழுத்தினாத்தான் பாஸ் வரும்னு வெச்சுட்டா போச்சு.

வனத்துறை ஆளுங்க இதப் படிச்சா ஃபண்டு இல்லம்மான்னு சொல்லுவாங்க. ரிசார்ட்டுல ஒரு ராத்திரிக்கு வாங்கற வாடகைல பத்துல ஒரு பங்க கைடுக்குன்னு எடுத்தாலே போதும், கணக்கு டீச்சர் இல்ல நான், ஆனா அந்தளவுக்கு கணக்கு வரும்.

கடைசியா உங்களுக்கும் ஒரு கோரிக்கைங்க. அந்தக் கட்டுரைக்கு மேல பெருசா ஒரு ஃபோட்டோ போட்டிருந்தீங்க, மாயார் ரோட்டுல ஜீப்ப நிறுத்திட்டு ஒரு குடும்பம் கீழ எறங்கி நிக்குது, பின்னால பத்தடி பதினஞ்சடி தூரத்துல யானை காத விரிச்சுட்டு நிக்குது, குழந்த தோள்ல, எல்லாரும் சிரிக்கறாங்க. அந்த யானை கோவத்துல நிக்குதுன்னு எங்க ஊர்ல மூணாங்கிளாஸ் பையன் சொல்லுவான். அடுத்த தடவ சஃபாரி பத்தி எழுதறப்ப தயவுசெஞ்சு அந்த மாதிரி படத்த எடுத்துட்டு, ஜீப்புக்குள்ள அடக்கமா ஒக்காந்திருக்கற படமா போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
கூடலூர், நீலகிரி.